கண்ணாடி உருளையில் தெளியும் கழிவுநீர்

சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கழிவுநீரைக் கண்ணாடி உருளையில் எடுத்து அசையாமல் வைத்தால், 30 நிமிடங்களுக்குள் பழுப்பு நிறத் திரள்கள் மெல்ல அடியில் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்தத் திரள்கள் உயிருள்ள பாக்டீரியாக்களின் கூட்டம். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் உருவாக்கிய, பாக்டீரியாக்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இம்முறையில், படிந்த சேற்றின் ஒரு பகுதியை மீண்டும் தொட்டிக்கே அனுப்புவதுதான் சூட்சுமம்.

நிலையத்தின் கொள்ளளவைப் பாராமல் புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வரத்து மிகுந்தால் நீர் தொட்டியில் தங்கும் நேரம் குறைகிறது. காற்றூட்டம் போதாமல் ஆக்சிஜன் நெடுநேரம் குறைந்தே இருந்தால், இழை போன்ற பாக்டீரியாக்கள் பெருகி, சேறு சரிவரப் படியாமல், வெளியேறும் நீரோடு ஆற்றில் கலந்துவிடுகிறது.