2000 ரூபாயும் என் கடன் நோட்டும்

நேத்து நம்ம மளிகைக் கடை பரணை ஒதுங்க வைக்கும்போது, கடன் சொல்லி சாமான் வாங்கினவங்க கணக்கு எழுதுற நோட்டு, கொரோனா வருசத்தோடது ரெண்டு கிடைச்சுச்சு, 2020ம் 2021ம். எலி கடிச்சது போக மிச்சத்தை உக்காந்து புரட்டினேன், வியாபாரத்தை வீட்டுக்காரம்மா பாத்துக்கிட்டா. கஷ்ட காலத்துல கவர்மெண்ட் குடுக்கிறதெல்லாம் பிரயோஜனமா வேஸ்டான்னு யாராச்சும் கேட்டா இனிமே இந்த நோட்டைத்தான் காட்டணும்.

எங்களுக்கு தேனி மாவட்டத்துல கேரளா எல்லை ஓரம் இருக்கிற கம்பம். இங்க பாதி வீட்டுல விடியறதுக்கு முன்னாடியே தூக்குச்சட்டியோட ஜீப் ஏறி மேல கேரளா மலையில இருக்கிற ஏலத்தோட்டத்துக்குப் போவாங்க, கம்பம்மெட்டு வழியாவும் போவாங்க, குமுளி வழியாவும் போவாங்க. 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு போட்டு செக்போஸ்ட்டை அடைச்சதும் அந்த கூலி அப்படியே நின்னுபோச்சு, மாசக்கணக்கா. நோட்டுல ஏப்ரல் பக்கம் பூரா ஒரே கையெழுத்து, என்னோடது, வரவுன்னு ஒரு வரி கிடையாது.

அப்ப ரேஷன் கடையில 1000 ரூபா குடுத்தாங்க, அரிசி பருப்பு எண்ணெய் சீனி இலவசம். மத்திய அரசு தலைக்கு 5 கிலோ தனியா. பட்டினின்னு யாரும் கிடக்கல, அதை ஒத்துக்கணும். ஆனா அரிசியை வச்சு போனுக்கு ரீசார்ஜ் பண்ண முடியுமா, பிள்ளைக்கு ஆன்லைன் கிளாஸ் நடக்குது. சில பேரு ரேஷன் அரிசியை கிலோவுக்கு இவ்வளவுன்னு ஏஜெண்டுகிட்ட போட்டாங்க, அது ராத்திரியோட ராத்திரியா மலை ஏறிடும். இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். தப்புதான், ஆனா அவங்களுக்கு தேவைப்பட்டது அரிசி இல்ல, காசு.

வேலையாச்சும் குடுத்திருக்கலாம். நூறு நாள் வேலையில அந்த வருசம் நம்ம தமிழ்நாட்டுக்கு கூலி 256 ஆக்குனாங்க, கேரளாவுல 291. பக்கத்துல சுருளிப்பட்டிக்காரங்க போனாங்க. கம்பம், கூடலூர்க்காரங்களுக்கு கிடைக்கல, ஏன்னா அந்த வேலை கிராமத்துக்கு மட்டும்தானாம், நம்மது முனிசிபாலிட்டியாம்! மலைக்கு கூலிக்கு போற சனத்துக்கு முனிசிபாலிட்டின்னா என்ன பஞ்சாயத்துன்னா என்ன. கேரளாவுல டவுன்காரங்களுக்கும் அய்யங்காளி பேருல ஒரு வேலைத் திட்டம் 2010லயே கொண்டு வந்துட்டாங்க.

மே மாசம் டிவியில மத்திய அரசு கொரோனாவுக்காக 20 லட்சம் கோடி திட்டம்னாங்க. நானும் மகனும் பேப்பர்ல எத்தனை சைபர்னு போட்டுப் பாத்தோம். விசாரிச்சா முக்கால்வாசி கடன்தான். சிறு தொழிலுக்கு ஜாமீன் இல்லாம லோன்னு சொன்னாங்களேன்னு பேங்குக்கு ஓடினேன், ஏற்கனவே லோன் வச்சிருக்கவங்களுக்குத்தான், பாக்கி நிக்கிறதுல 20 சதவீதம் கூடுதலா குடுப்போம்னாங்க. கடன் வாங்காம யோக்கியமா கடை நடத்தினது என் தப்பு போல.

இப்ப 2021 நோட்டுக்கு வரேன். மே மாசம் ரெண்டாவது ஊரடங்கு, அரிசி கார்டுக்கு 2000, ஜூன்ல இன்னொரு 2000. அந்த வாரத்து பக்கத்தை பாக்கணுமே, 300 வரவு, 500 வரவு, ஒரு அக்கா 700 குடுத்துட்டு அங்கயே மறுபடி 150க்கு சாமான் வாங்கிட்டுப் போயிருக்கு. அந்த காசை வச்சு நான் தேனி மொத்தக் கடைக்காரருக்கு பாதி பாக்கியை அடைச்சேன், அதுக்கப்புறம்தான் அவரு லோடு அனுப்பினாரு, லோடு வந்ததும் இறக்க வந்த ரெண்டு பேருக்கு கூலி போச்சு. ஒரே 2000 எத்தனை கை மாறுச்சுன்னு பாருங்க. முன்னாடி வருசம் 1000ம் எங்கயாச்சும் இப்படி சுத்தியிருக்கும், என்ன, அது என் நோட்டுக்கு வராமலே வந்த வேகத்துல கரைஞ்சு போச்சு.

ஜூன்ல பணத்தோட 14 வகை மளிகையும் குடுத்தாங்க. ரவை, புளி, கடுகு, சோப்பு வரைக்கும். அந்த மாசம் என் கடையில கடுகு வாங்க ஆள் இல்ல. வண்டிப்பெரியாறு எஸ்டேட்ல இருக்கிற சின்னம்மா 2020லயே கேரளாக்காரன் 17 ஐட்டம் கிட் குடுத்தான்னு போன்ல பெருமையடிச்சிருந்தாங்க, உங்களுக்கும் வந்துருச்சான்னு சிரிச்சாங்க. அந்த சாமானுக்கு பதிலா காசாவே குடுத்திருந்தா ஊருக்குள்ளயே சுத்தியிருக்கும்னு நான் சொன்னேன், காசா குடுத்தா பாதி டாஸ்மாக் போயிரும்னு அவங்க சொன்னாங்க. அதுவும் உண்மைதான், நான் கடைக்காரன், என் வயித்தெரிச்சலையும் கழிச்சுட்டுத்தான் இதை படிக்கணும்.

எழுதிக்கிட்டு இருக்கும்போதே வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்துட்டு, அந்த கிட்ல வந்த டீத்தூளு நம்ம கடைத்தூளை விட நல்லா இருந்துச்சு, அதையும் சேத்து எழுதுங்கன்றா. எழுதிட்டேன் தாயி.