எந்த ரயில்வே கேட்டுக்கு இன்டர்லாக் இருக்குன்னு சொன்னா நாடு கெட்டுப்போயிருமா?

கடலூர் பக்கம் செம்மங்குப்பத்துல 2025 ஜூலை 8 காலைல ஸ்கூல் வேன் மேல ரயில் மோதி மூணு பிள்ளைங்க செத்துப்போச்சே, அந்த செய்தி வந்தப்போதான் நம்மள்ல முக்காவாசி பேருக்கு ரயில்வே கேட்டுல ரெண்டு வகை இருக்குங்கதே தெரிஞ்சுது. இன்டர்லாக் பண்ணின கேட்டுன்னா, கேட்ட மூடாம சிக்னல் பச்சை விழாது. இன்டர்லாக் இல்லாத கேட்டுல, ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்கீப்பரும் போன்ல பேசி, மூடியாச்சுன்னு சொல்லி ஒரு நம்பர் குடுத்துக்கிடணும், பிரைவேட் நம்பர்னு சொல்லுவாங்க, அந்த ஒரு வாய்வார்த்தைய நம்பித்தான் வண்டி வருது. செம்மங்குப்பம் கேட்டு ரெண்டாவது வகை.

நான் கேட்டது சின்ன விஷயம்தான். திருச்செந்தூர் லைன்லயும் செங்கோட்டை லைன்லயும் நாம தாண்டுத கேட்டுல எது எந்த வகைன்னு ஒரு போர்டு வச்சா என்ன? எங்க பக்கத்து தெருவுல ரயில்வேல ரிட்டையர் ஆன அண்ணாச்சி ஒருத்தர் இருக்காவ, அவியகிட்ட இதை சொன்னதும், "என்னவே பேசுதீரு, எந்த கேட்டு வீக்குன்னு நாமளே எழுதி வச்சா எவனாவது அங்கன போயி வேலைய காட்டுவான், அப்போ நீரா வந்து பதில் சொல்லுவீரு?"ன்னு ஒரே போடா போட்டுட்டாவ.

அவிய சொல்லுததுல நியாயம் இல்லாம இல்ல. 2008ல மும்பையில சிஎஸ்டி ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு ஹோட்டல் வரைக்கும் சுட்டானுவளே, அப்போ கமாண்டோ எங்க இறங்குதாங்கன்னு டிவில லைவா ஓடுச்சு, அதை எல்லை தாண்டி உக்காந்து பாத்துக்கிட்டே உள்ள இருந்தவனுக்கு போன்ல சொல்லிக்கிட்டு இருந்தானுவ. 2012 கசாப் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் அந்த சேனல்கள நல்லா கண்டிச்சு எழுதுச்சு, 2015ல கேபிள் டிவி விதிய திருத்தி அந்த மாதிரி ஆபரேஷன லைவா காட்டவே கூடாதுன்னும் ஆக்கிட்டாங்க. சரியான விதி. எந்த ராத்திரி எந்த பாலத்துல எத்தனை போலீஸ் நிக்காங்க, சிக்னல் ரூம் சாவி யாருகிட்ட இருக்குங்கதெல்லாம் எனக்கு தெரிய வேண்டாம்யா.

ஆனா கேட்டு விஷயம் அப்படியா? கெட்டது பண்ணணும்னு நினைக்கவன் டீ குடிச்சுக்கிட்டே ரெண்டு வண்டி போறத பாத்தா கேட்கீப்பர் என்ன பண்ணுதாருன்னு அவனுக்கு வெளங்கிரும். தெரியாம போறது ஸ்கூல் வேன் ஓட்டுதவருக்கும் அந்த பிள்ளைங்கள பெத்தவங்களுக்கும்தான். கேட்ட தாண்டுத வாகனத்தையும் ரயிலையும் வச்சு டிவியூன்னு ஒரு கணக்கு இருக்கு, 20,000 வந்தாத்தான் இன்டர்லாக்னு இருந்தத செம்மங்குப்பத்துக்கு அப்புறம் 10,000ன்னு கொறைச்சாங்க. நல்லது. நம்ம ஊர் கேட்டோட கணக்கு எவ்வளவு? அத கேட்டா எந்த ரகசியம் வெளிய போயிரும்?

தகவல் உசுர காப்பாத்தும்ங்கதுக்கு நாம தூரமா போக வேண்டாம். 2023 டிசம்பர் 17 மழைய யாரும் மறந்திருக்க மாட்டீங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுது. அன்னிக்கு ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ, முன்னால தண்டவாளத்துக்கு அடியில ஜல்லி அரிச்சுட்டுன்னு தகவல் வந்ததும் ஸ்ரீவைகுண்டத்துலயே நிறுத்திப்போட்டாங்க, சுமார் 800 பேர் உள்ள. ரெண்டு ராத்திரி கஷ்டப்பட்டாங்க, ஹெலிகாப்டர்ல சாப்பாடு போட்டாங்க, ஆனா எல்லாரும் உசுரோட வந்தாங்க. 1956 நவம்பர்ல அரியலூர் பக்கத்துல வெள்ளம் அரிச்ச பாலத்துல இதே நம்ம பக்கத்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் போய் விழுந்து 140 பேருக்கு மேல செத்தாங்க, லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவிய ராஜினாமா பண்ணினாரு. அன்னிக்கு டிரைவருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லல, அவ்வளோதான் வித்தியாசம்.

2023 ஜூன் 2 ஒடிசா பாலசோர் ரயில் விபத்த எடுத்துக்கோங்க, 290 பேருக்கு மேல போயிட்டாங்க, மொத ரெண்டு நாளும் சதி சதின்னுதான் பேச்சு. கடைசில பாத்தா லெவல் கிராசிங் 94ல கேட்டு மாத்துத வேலையில சிக்னல் வயர தப்பா குடுத்திருக்காங்க, அதுவும் பார்லிமென்ட்ல கேள்வி கேட்டதுக்கு பதிலா வந்த நாலு வரியிலதான் நமக்கு தெரியும். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விமான போக்குவரத்து அமைச்சகத்துக்கு கீழ இருக்கதே ரயில்வே கைய மீறி விசாரிக்கணும்னுதான், ஆனா அவரு குடுத்த முழு அறிக்கைய அப்போ வெளியிடல, சிபிஐ விசாரணை நடக்குன்னாங்க. சரி, விசாரணை முடியுத வரைக்கும் வைங்க, அப்புறமாவது குடுக்கணும்லா.

இதுக்கு சட்டத்துல வழி இல்லாம இல்ல. 2005 தகவல் உரிமை சட்டத்துல 8(1)(அ) நாட்டு பாதுகாப்புன்னா மறுக்கலாம்ங்குது, ஆனா 10ஆம் பிரிவு, மறைக்க வேண்டியத மட்டும் வெட்டிட்டு மிச்சத்த குடுன்னு சொல்லுது. நம்ம திருநெல்வேலி மாவட்டத்துக்கே இது புதுசு இல்ல, கூடங்குளம் பாதுகாப்பு ஆய்வறிக்கைய டிசைன் சமாச்சாரங்கள மட்டும் எடுத்துட்டு குடுங்கன்னு 2012லயே மத்திய தகவல் ஆணையம் உத்தரவு போட்டுச்சு. அணு உலைக்கே அப்படின்னா வயக்காட்டு நடுவுல இருக்க கேட்டுக்கு என்னவாம்?

அதனால ரயில்வேக்கு தகவல் உரிமை மனு எழுதிட்டு இருக்கேன். கேட்டு நம்பர், இன்டர்லாக் உண்டா இல்லையா, கடைசியா எடுத்த டிவியூ கணக்கு, இன்டர்லாக் எப்போ முடிப்பீங்க, இது மட்டும்தான், கேட்கீப்பர் பேரோ டூட்டி நேரமோ கேக்கல. அண்ணாச்சிகிட்ட காட்டினேன், கண்ணாடிய போட்டு முழுசா படிச்சுட்டு, "இது மதுரை கோட்டத்துக்குவே, நாங்குநேரி வள்ளியூர் பக்கம் வேணும்னா திருவனந்தபுரம் கோட்டம், அதுக்கு தனியா போடும்"னாவ. இன்னொரு 10 ரூபா, போட்டுருவோம். ஆன்லைன்லயே போடலாம், உங்க பக்கத்து கேட்டையும் சேக்கணும்னா ஊர் பேரு சொல்லுங்க.