லாஃபயெட்டில் ஒரு மிச்ச வான்கோழி

நம்மூர் பார்பிக்யூ உணவகங்களில் 'கேஜன் பொட்டேட்டோ' என்று ஒன்று வைப்பார்கள். பொரித்த குட்டி உருளைக்கிழங்கு, மேலே ஆரஞ்சு நிறத்தில் மயோனைஸ். எனக்கு ரொம்பப் பிடிக்கும், மறைப்பதற்கில்லை. ஆனால் கேஜன் மக்கள் வாழும், அமெரிக்காவின் தெற்கு லூசியானாவுக்குப் போய் அதைக் கேட்டால் விழிப்பார்கள். அங்கே வீடுகளில் நான் பார்த்த சமையலுக்குத் தேவைப்பட்டதெல்லாம் கனமான ஒரு பாத்திரம், நேற்றைய எலும்பு, சந்தையில் அன்று வந்த காய், அப்புறம் அடுப்பை விட்டு நகராத ஓர் ஆள்.

நான் போனது நவம்பர் கடைசியில். அந்த மாதத்தின் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங். அன்று அமெரிக்கா முழுக்க வான்கோழி; மறுநாள் அமெரிக்கா முழுக்க மிச்ச வான்கோழி. மற்ற ஊர்களில் ரொட்டிக்கு நடுவே வைத்து ஒருவழியாகத் தீர்ப்பார்கள். தெற்கு லூசியானாவின் லாஃபயெட் நகரில் எலும்புக்கூட்டைக்கூடத் தூக்கிப் போடாமல் ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்துகிறார்கள். வியாழக்கிழமை விருந்தே வாரக் கடைசியில் கம்போ என்கிற கறிக்குழம்பு வைப்பதற்கான சாக்கோ என்று எனக்குச் சந்தேகம்.

நான் வாடகைக்குத் தங்கியிருந்த அறை, எழுபதைத் தாண்டிய ஒரு கேஜன் பாட்டியின் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. சனிக்கிழமை காலை, "சந்தைக்குப் போகிறேன், பை தூக்க வருகிறாயா?" என்று கேட்டார். மறுப்பேனா?

ஜான்ஸ்டன் தெருவில் மான்கஸ் பார்க் என்ற பெரிய பூங்கா இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அங்கேதான் உழவர் சந்தை. ஓக் மரத்தடியில் ஒருவர் அக்கார்டியனும் இன்னொருவர் ஃபிடிலும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயத்தாள், பார்ஸ்லி, கடுகுக்கீரை, சர்க்கரைவள்ளி, தோல் தளர்ந்த சட்சுமா ஆரஞ்சு எல்லாம் குவிந்து கிடந்தன. ஒரு கூடையில் நம்ம சௌசௌ! அங்கே அதற்கு மிர்லிட்டன் என்று பெயர், இலையுதிர்காலத்தில்தான் அதிகம் காய்க்கும். வெண்டைக்காயைத் தேடினேன், கிடைக்கவில்லை. அது கோடைக் காய். "வேண்டியதை ஆகஸ்டிலேயே வதக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன், கவலைப்படாதே" என்றார் பாட்டி.

வீட்டுக்கு வந்ததும் எலும்புக்கூட்டை ஒரு பெரிய பானையில் போட்டு, செலரித் தண்டின் நுனிகள், வெங்காயத் தோல் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டார். இதுவரைக்கும் நம் வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். அடுத்தது ரூ, அதாவது எண்ணெயில் வறுத்த மாவு. அங்கேதான் கேஜன் சமையல் தொடங்குகிறது.

ஒரு கப் எண்ணெய், ஒரு கப் மைதா. இரும்புச் சட்டியில் மிதமான தீயில் வைத்து, தட்டையான மரக்கரண்டியால் அடிப்பகுதியைச் சுரண்டியபடியே கிளற வேண்டும். முதலில் வெள்ளைக் கூழ். கொஞ்சம் கொஞ்சமாகப் பொன்னிறம். அப்புறம் செப்புக் காசு நிறம், உளுந்து வறுக்கும்போது வருவதுபோல ஒரு வாசனை. நான் போதும் என்று நினைத்த கட்டத்தில் பாட்டி நிறுத்தவில்லை. சாக்லேட் நிறம் வரவேண்டுமாம். ஏறக்குறைய முக்கால் மணி நேரம். இடையில் போன் அடித்தது, எடுக்கவில்லை. ரூவில் கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் கருகிவிட்டது என்று பொருள், மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். மேலே தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும். ஒட்டிக்கொண்டு எரியும் போர்க்குண்டின் பெயரால் 'கேஜன் நேபாம்' என்று அங்கே சமையல்காரர்கள் இதைக் கிண்டல் செய்வது சும்மா இல்லை.

வறுக்க வறுக்க மாவின் ஸ்டார்ச் உடைந்துபோகிறது. அதனால் ரூ எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவுக்குச் சுவை கூடும், குழம்பைக் கெட்டியாக்கும் சக்தி குறையும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வெண்டைக்காய், இல்லாவிட்டால் ஃபீலே. சாஸஃப்ராஸ் மர இலையைக் காயவைத்து இடித்த பொடி ஃபீலே. சாக்டா பழங்குடி மக்கள் கற்றுக்கொடுத்தது. வெண்டைக்காயோ ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சமையல் வழியே வந்தது. கேஜன்களின் மூதாதையரான அகேடியர்கள், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து 1755 முதல் பிரிட்டிஷாரால் துரத்தப்பட்ட பிரெஞ்சு மொழிக்காரர்கள். 1765இல் ஒரு கூட்டம் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தது. பனி நாட்டு விவசாயிகளுக்குச் சதுப்பு நிலத்தில் எதைத் தின்பது என்று அக்கம்பக்கத்தாரைப் பார்த்துத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

ரூ தயாரானதும் பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் அதிலேயே கொட்டினார். சூடு சட்டென்று இறங்கி, கறுப்பது நின்றது. இந்த மூன்றுக்கும் அங்கே, பிதா, மகன், பரிசுத்த ஆவி மூவரையும் குறிக்கும் 'பரிசுத்தத் திரித்துவம்' என்று பெயர். கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர், குறும்பு புரிகிறது. பிறகு எலும்புச் சாறு, புகைபோட்ட ஆண்டூயி சாசேஜ், ஃப்ரீசர் வெண்டைக்காய், கொஞ்சம் கயேன் மிளகாய்த்தூள். பிய்த்தெடுத்த வான்கோழிக் கறியைக் கடைசியில்தான் போட்டார், முன்பே வெந்ததாயிற்றே. காரம் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கெல்லாம் இல்லை. காரம்தான் கேஜன் என்ற எண்ணம் பரவியதில் 1980களுக்குப் பங்கு உண்டு. ஒபலூசஸ் ஊர்க்காரரான சமையல்காரர் பால் புருடோம், நியூ ஆர்லியன்ஸில் மீனின் மேல் மசாலாவை அப்பிக் கருக்கிப் பரிமாறிப் புகழ்பெற்றார். அந்த ரெட்ஃபிஷ் மீனுக்கு வந்த கிராக்கியில் அதைப் பிடிப்பதற்கே கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. நாடு முழுக்க எல்லாரும் மசாலாப் புட்டியைப் பிடித்துக்கொண்டார்கள், ரூவை விட்டுவிட்டார்கள்.

கம்போ ஒரு பக்கம் கொதிக்க, சௌசௌவை வேகவைத்துப் பாதியாக வெட்டி, உள்ளே சுரண்டியெடுத்தார். அதோடு வியாழக்கிழமை மிஞ்சிய சோளரொட்டியை உதிர்த்துப் போட்டு, மெக்சிகோ வளைகுடா இறாலும் வெங்காயமும் சேர்த்து வதக்கி, அதே ஓட்டில் அடைத்து ஓவனில் வைத்தார். நாம் கூட்டும் துவையலுமாகச் செய்து அலுத்துப்போன காய்க்கு இப்படியொரு யோகம்.

சாப்பிடும்போது ஒரு அதிர்ச்சி. சோற்றின் மேல் கம்போவை ஊற்றிக் கொடுத்தார், சரி. அதற்குள்ளேயே ஒரு கரண்டி குளிர்ந்த உருளைக்கிழங்கு சாலட்டையும் போட்டார்! அங்கே அது சர்வசாதாரணம். சுட்ட சர்க்கரைவள்ளியைப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டாம். எனக்குச் சர்க்கரைவள்ளி தேவலை என்று தோன்றியது. சாலட்டில் இருந்த மயோனைஸ் சூட்டில் கரைந்து குழம்பைக் கெடுத்தது. வாயைத் திறக்கவில்லை, இரண்டாம் முறை சாலட்டைத் தவிர்த்துவிட்டேன்.

"எதையும் வீணாக்கக் கூடாது என்று இப்படியா?" என்று கேட்டேன். பாட்டி தன் சின்ன வயதின் பூஷ்ரியைப் பற்றிச் சொன்னார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் உறவினர்கள் முறைவைத்துப் பன்றி அடித்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். தோல் பொரிந்து கிராக்ளின் ஆகும், தலை ஜெல்லி ஆகும், ஈரல் சோற்றோடு கலந்து பூடான் என்ற சாசேஜ் ஆகும். "மிச்சம் என்று எதைச் சொல்கிறாய் கண்ணா? எல்லாம் கறிதானே" என்றார்.

மறுநாள் ஹூஸ்டனுக்குக் கிளம்பினேன். பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் கம்போவை உறையவைத்துக் கையில் கொடுத்தார். வழியில் ஸ்காட் என்ற ஊரில் வண்டியை நிறுத்தி, ஒரு சூடான பூடான் வாங்கிக் காரிலேயே பிதுக்கித் தின்றேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் தின்கிறார்கள். கம்போ ஹூஸ்டன் போய்ச் சேர்ந்தபோது பாதிதான் உருகியிருந்தது. இரவு நண்பன் அதைச் சூடாக்கி, காலையில் மிஞ்சிய இட்லியின் மேல் ஊற்றிக்கொண்டான். உருளைக்கிழங்கு சாலட்டுக்கு இது எவ்வளவோ மேல்.