மலையேறும்போது மட்டும் திணறிய டர்போ கார்: மூன்று மாத அலைச்சல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரிவரை, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒருமுறைகூடத் திணறாமல் என் கார் ஏறியது. அந்த ஒரு பயணத்துக்காக மூன்று மாதங்கள் அலைந்தேன். சர்வீஸ் சென்டருக்கு மூன்று நடை நடந்து, தேவையே இல்லாத பாகங்களுக்கு மட்டும் 14,600 ரூபாய் கொடுத்திருக்கிறேன். இதே தொல்லையில் இருப்பவர்கள் அந்தப் பணத்தையாவது மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காகவே நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

கார் மூன்று சிலிண்டர், 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி. டர்போ என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் கருவி. 62,000 கிலோமீட்டர் ஓடியது. மாமியார் வீடு ஏற்காட்டில் இருப்பதால் மாதம் மூன்று முறையாவது மலையேறுவோம். வளைவைத் திரும்பி, இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால், முதல் ஒரு நொடி வண்டி நன்றாக இழுக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டும்போது பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் சட்டென்று வேகம் அறுந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பாதி இழுவைதான். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காததுபோல் ஓடும். ஒருமுறை ஏழாவது வளைவுக்கு மேலே, பாரம் ஏற்றிய மினி லாரியை முந்திக்கொண்டிருந்தபோது இது நிகழ்ந்தது. எதிரே பேருந்து, பின் இருக்கையில் குழந்தைகள். லாரி ஓட்டுநர் பிரேக் போட்டு இடம் கொடுத்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து, காரணம் தெரியும்வரை மலைப்பாதையில் எதையும் முந்துவதில்லை என்று முடிவு செய்தேன். இந்தக் கோளாறு உள்ள யாரும் அப்படியே செய்யுங்கள்.

இதை டர்போ லேக் என்று சொல்லி அனுப்பிவிடுபவர்கள் உண்டு. லேக் என்பது மிதித்த பிறகு டர்போ சுற்று எடுக்கும்வரை ஏற்படும் தாமதம். அதற்குப் பின் இழுவை சீராகக் கூடிக்கொண்டே போகும். முதலில் இழுத்துவிட்டுப் பிறகு அறுந்துபோவது லேக் அல்ல, கோளாறு.

முதல் நடையில் சர்வீஸ் சென்டர் ஆலோசகர் வண்டியை எடுத்துக்கொண்டு சேலம் ஐந்து ரோடு வரை போய் வந்தார். சமதளம், நெரிசல், மூன்றாவது கியரில் முழு மிதிக்கு அங்கே இடமே இல்லை. "நல்லாத்தானே போகுது சார், ஹில்ஸ்ல காத்து கம்மி, அப்படித்தான் இருக்கும்" என்றார். உயரத்தில் காற்றழுத்தம் குறைவது உண்மைதான். ஆனால் அந்தக் குறைவைப் பெருமளவு டர்போ ஈடுகட்டிவிடும். அதோடு, ஊர் மட்டத்திலிருந்து அதிகம் ஏறியிராத முதல் மூன்று வளைவுகளுக்குள்ளேயே இந்தத் திணறல் வந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னவுடன் பழி பெட்ரோலுக்கு மாறியது. வேறு பங்கில் இரண்டு முறை டேங்கை நிரப்பிப் பார்த்தேன்; பயனில்லை.

ஜாப் கார்டில் அவர்கள் எழுதியது "பிக்கப் குறைவு" என்ற இரண்டே சொற்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு. எந்தக் கியர், எத்தனை சுற்று, எவ்வளவு மிதி, ஏற்றமா சமதளமா, சாவியை அணைத்தால் சரியாகிறதா என்ற ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள்; அவர்கள் மறுத்தால் நீங்களே பேனாவை வாங்கி எழுதுங்கள். கடைசியில் துப்புக் கொடுத்தது அந்த ஐந்தாவது விவரம்தான்.

இரண்டாவது நடைதான் இன்றும் ஆறவில்லை. ஸ்கேனரைப் பொருத்தி, கோளாறைக் குறிக்கும் எண்ணான எரர் கோடை எங்கும் குறித்துக்கொள்ளாமலேயே அழித்துவிட்டார்கள். கோடு பதிவாகும் நொடியில் இன்ஜின் சுற்று, வேகம், அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றை இன்ஜின் கணினி ஒரு படம் பிடித்ததுபோல் சேமித்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். என்ன கோடு என்று கேட்டதற்கு, "கிளியர் பண்ணிட்டோம் சார்" என்பது மட்டுமே பதில். பிறகு பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் மூன்று இக்னிஷன் காயில்களையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார்கள். அந்தச் சந்தேகத்தில் அடிப்படையே இல்லை என்று சொல்லமாட்டேன். சிலிண்டரில் அழுத்தம் கூடக்கூடப் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவை, எனவே தளர்ந்த காயிலும் இடைவெளி விரிந்த பிளக்கும் முதலில் காலை வாருவது முழு மிதியில்தான். ஆனால் அப்படியானால் வண்டி குலுங்கும், எந்தச் சிலிண்டர் எரியாமல் விடுகிறது என்பதற்குத் தனிக் கோடு வரும், சாவியை அணைத்துப் போட்டதும் அடுத்த அரை மணி நேரத்துக்கு அது சரியாகிவிடாது. அடுத்த வாரமே நான்காவது வளைவில் பழையபடி இழுவை அறுந்தது.

அதன் பிறகுதான் 1,500 ரூபாய்க்கு இன்ஜின் கணினியின் தகவல்களைப் போனில் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி ரீடர் வாங்கினேன். இந்த வேலையை முதலிலேயே செய்திருக்க வேண்டும். முதல் சோதனை சென்சாருக்கு: இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் இன்டேக் அழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சேலத்தில் வீட்டு வாசலில் 98 கிலோபாஸ்கல், ஏற்காட்டு ஏரிக்கரையில் 85-ஐ ஒட்டிக் காட்டியது. சென்சார் பொய் சொல்லவில்லை என்று உறுதியானது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, வண்டிகளே இல்லாத நேரத்தில், மைத்துனரை அருகில் உட்காரவைத்துக் கிளம்பினேன். ஓட்டுபவர் போனைப் பார்க்கவே கூடாது. பதிவை இன்னொருவர்தான் கவனிக்க வேண்டும். வளைவுகளில் அல்ல, இரண்டு வளைவுகளுக்கு இடைப்பட்ட நேர்ச் சாலையில் மட்டும் முழுவதும் மிதித்தேன். "மாமா, 195 கேக்குது, 170-லயே நிக்குது, இப்போ இறங்குது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இழுவை அறுந்தது. கணினி கேட்ட அழுத்தம் டர்போவிலிருந்து இன்ஜினுக்கு வந்து சேரவில்லை. பெட்ரோல் அழுத்தமோ ஒரு முறைகூடக் கீழே இறங்கவில்லை. ஆகவே பம்ப்பின் மீது சந்தேகம் இல்லை. வண்டியை நிறுத்திக் கோடைப் படித்தோம்: பி0299, அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தமான பூஸ்ட் குறைவு. கேட்ட அழுத்தம் கிடைக்காதபோது கணினி இன்ஜினைக் காப்பதற்காகச் சக்தியைக் குறைத்துவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் என் வண்டியில் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடுகிறது. மூன்று மாதப் புதிர் அந்த இடத்தில் பாதி அவிழ்ந்தது.

இந்தப் பதிவோடு மூன்றாவது முறை போனபோது, காற்றுக் குழாய்களுக்குள் புகையைச் செலுத்திக் கசிவைத் தேடும் புகைச் சோதனை செய்தார்கள். எங்கும் புகை கசியவில்லை. அப்படியானால் டர்போவையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, அறுபதாயிரத்தைத் தாண்டிய ஒரு மதிப்பீட்டைக் கையில் கொடுத்தார்கள். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நேராகச் சீலநாயக்கன்பட்டி பக்கம் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை, போனிலிருந்த அழுத்தப் பதிவின் வரைபடத்தைப் பார்த்தார். "புகையை எத்தனை பிரஷர்ல விட்டாங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதை நான் கேட்டுவைக்கவில்லை. புகை இயந்திரம் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் வேலை செய்யும் என்றும், ஓடும்போது மட்டும் வாய் திறக்கும் விரிசல் அதில் மூடியே இருக்கும் என்றும் விளக்கினார். பிறகு டர்போவுக்குக் காற்று நுழையும் வாயில் ஒரு மூடியைப் பொருத்தி, கம்ப்ரஸர் காற்றை ரெகுலேட்டர் வழியாக மெதுவாக ஏற்றிக்கொண்டே, ஒவ்வொரு ஹோஸ் மீதும் சோப்புத் தண்ணீர் தெளித்தார். அழுத்தம் அரை பார் (ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல்) வரை ஒன்றுமில்லை. முள் 0.8 பாரைத் தொட்டபோது, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து மேலேறும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கிச் சொட்டியது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெயும் புழுதியும் சேர்ந்த கரிய திட்டு; துடைத்தால் அதன் நடுவில் விரல் நகத்தின் நீளத்துக்கு ஒரு கோடு. கையால் ஹோஸை அமுக்கியபோது அந்தக் கோடு கண்ணிமைபோல் திறந்து மூடியது.

திட்டுக்கு நேர் கீழே ஒரு இரும்புப் பிராக்கெட்டின் விளிம்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. அதற்குச் சற்று மேலே, ஹோஸைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் இருக்க வேண்டிய துளை காலியாக இருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன் முன்பம்பரில் அடிபட்டு, அதே சர்வீஸ் சென்டரில்தான் கழற்றி மாட்டினார்கள். அந்தக் கிளிப்பைத் திரும்பப் போடாததால் ஹோஸ் இறங்கி, அதிர்வில் பிராக்கெட்டோடு உரசி உரசியே கிழிந்திருக்கிறது. பம்பரைக் கழற்றும் எந்த வேலைக்குப் பிறகும், வண்டியை எடுப்பதற்கு முன் இன்டர்கூலர் ஹோஸ்களையும் கிளிப்புகளையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

டேப் சுற்றி ஓட்டலாமா என்று கேட்டேன். அழுத்தத்தில் பிய்ந்துவிடும் என்பதோடு, கசிவை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுற்றிச் சூடேறி, நல்ல டர்போவும் கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டார். ஹோஸ் கோயம்புத்தூரிலிருந்து நான்கு நாளில் வந்தது. கிளிப்போடும் கூலியோடும் சேர்த்து 4,300 ரூபாய். பொருத்திய பின் மறுபடியும் காற்றேற்றிச் சோதித்த பிறகே வண்டியைக் கொடுத்தார்.

கிழிந்த ஹோஸையும் இரண்டு நாள் வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டர் மேலாளரைப் பார்த்தேன். அரை மணி நேரம் பேசிய பின், காயில் மாற்றிய கூலியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். பாகங்களின் விலை கிடைக்கவில்லை. மாற்றிய பழைய பாகங்களை அன்றே கேட்டு வாங்கி வைத்திருந்தது நல்லதாயிற்று. மூன்று காயில்களும் நன்றாகவே வேலை செய்கின்றன என்று மெக்கானிக் அண்ணன் பொருத்திக் காட்டினார். துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பதிவில், கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஒரே கோடாகப் பன்னிரண்டாவது வளைவுக்கு மேலும் ஏறிப் போயின. மைத்துனர் அதைப் படம் பிடித்து மெக்கானிக் அண்ணனுக்கு அங்கிருந்தே அனுப்பினார்.