வார்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் அலைச்சல்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று உறுதியாகி, இரண்டு வகை மருந்துகள் பலனளிக்காமல், மூன்றாவதாகக் குளோசாபின் தொடங்கியது வரையில் மருத்துவமனையின் மீது எனக்குக் குறையேதும் இல்லை. நீண்டகாலம் தொடர வேண்டிய புறநோயாளர் சிகிச்சைக்கு மாற்றியபோதுதான் எல்லாம் சிக்கலாயிற்று.

புதிய கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்தவர், தம்பியின் குடியிருப்பு அனுமதி காலாவதியாகிவிட்டதென்று கோப்பைத் திறக்கவே மறுத்தார். புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கான ரசீதை நீட்டினேன். "இது அனுமதி அல்ல" என்று திருப்பித் தள்ளினார். குளோசாபின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், அவற்றின் எண்ணிக்கையைப் பார்க்காமல் மருந்துக்கடையில் அடுத்த மாத்திரைகளைத் தர மாட்டார்கள். பரிசோதனைக்கு எழுதித்தர வேண்டிய மருத்துவரோ அந்த மேசைக்கு அப்பால் இருந்தார். குளோசாபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடியும் படிப்படியாக ஏற்ற வேண்டும். எங்களுக்கு அதுதான் நேர்ந்தது. நோயால் அவன் காதில் கேட்டுவந்து, மருந்தால் அடங்கியிருந்த குரல்களும் திரும்பிவிட்டன.

ஆகவே, வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே புறநோயாளர் பிரிவின் முதல் சந்திப்புத் தேதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் வணிகப் பெயர் மட்டுமின்றி, பொதுப்பெயரும் அளவும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேசையில் மறுத்தால் வார்டின் சமூகப் பணியாளரை அழையுங்கள். எங்கள் கோப்பைத் திறக்க வைத்தது அவர் பேசிய பேச்சுதான்.

அடுத்தது மொழி. என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். சாப்பாட்டில் நஞ்சு கலப்பது அக்காதான் என்று குரல்கள் சொல்வதை அந்த அக்காவே மருத்துவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாம்! நான் மறுத்ததும், தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒலிபெருக்கியில் போட்டார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்களின் குரல்களால் அவதிப்படுகிறவன் முன்னால் அதே போன்ற இன்னொரு குரல். தம்பி காதுகளைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டான். நேரில் வரும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று எழுதிக் கொடுத்து, விடாமல் நச்சரித்துத்தான் பெற்றேன்.

என்னை வெளியே அமர்த்திவிட்டு நடந்த அந்தச் சந்திப்பில், நாள்பட்ட மலச்சிக்கலைத் தம்பி முதன்முறையாகச் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லக் கூச்சம். குளோசாபின் எடுப்பவர்களுக்கு அது குடலடைப்பில் முடிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அன்றைக்கே மலமிளக்கி எழுதித் தந்தார்கள். அடுத்த சந்திப்புகளுக்கும் அதே மொழிபெயர்ப்பாளரைப் பதிவு செய்தும் விட்டார்கள்.