நாலாம் பெட் சிங்க்

ஜூலை 22, செவ்வாய்

காலையில் லேபிலிருந்து போன். "சிஸ்டர், மூணாம் பெட்டுக்கும் அஞ்சாம் பெட்டுக்கும் ஒரே கிருமியாட்ட இருக்குதுங்க, வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். இரண்டு தட்டிலும் க்ளெப்சியெல்லா, சளி ஒழுகினது போல இளஞ்சிவப்புத் திட்டுகள். மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் வில்லையைச் சுற்றி, மருந்து பலித்தால் விழும் வெறும் இடமே இல்லை. ஒட்டி உரசிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் மேலிருந்து கீழ் வரை ஆர், ஆர், ஆர். ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்து கேட்காது. கேட்கும் மருந்தில் மிச்சம் கோலிஸ்டின் மட்டும்.

ஒருவருக்கு என்றால் வெளியிலிருந்து வந்தது என்று விட்டிருப்பேன். ஒரே வாரத்தில் இரண்டு பேர், அதே வரிசையில் ஆர். எங்கள் ஐசியூவுக்குள்ளேயே கைமாறியிருக்கிறது.

மூணாம் பெட் பைக்கில் விழுந்த பையன். அஞ்சாம் பெட் மஞ்சள் விவசாயி, நிமோனியா, ஒன்பது நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார்.

ஜூலை 23, புதன்

எட்டுப் பெட்டுக்கும் மலவாயில் பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுத்தோம். "காய்ச்சலே இல்லாதவங்களுக்கு எதுக்கு சிஸ்டர்?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். புதுப் பையன், கேட்டதில் தப்பில்லை. 2011இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன மருத்துவமனையில் நடந்ததைச் சொன்னேன். முதல் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி மூன்று வாரம் கழித்துத்தான் இரண்டாமவருக்கு இதே க்ளெப்சியெல்லா தெரிந்தது. நடுவில் அது சத்தமில்லாமல் வேறு ஆட்களின் குடலில் குடியிருந்திருக்கிறது. கடைசியில் 18 பேர். 11 பேர் இறந்தார்கள், அதில் 6 பேர் இந்தக் கிருமியாலேயே. அப்புறம் அவரே நின்று ஸ்வாப்களுக்கு லேபிள் ஒட்டினார்.

ஜூலை 25, வெள்ளி

நாலாம் பெட்டும் ஆறாம் பெட்டும் பாசிட்டிவ். நோய் இல்லை, குடலில் இருக்கிறது, அவ்வளவுதான். மொத்தம் நாலு.

மீட்டிங்கில் முதல் கேள்வி, "ஃபாகிங் போட்டுடலாமா?" எனக்கு இந்த ஃபாகிங் என்றாலே எரிச்சல். புகை போட்டதும் எல்லாருக்கும் மனசு நிறைந்துவிடுகிறது. கட்டில் கம்பியில் காய்ந்த கறை அப்படியே இருக்கும். கறைக்கு மேல் எந்த மருந்தும் வேலை செய்யாது. முதலில் தேய்த்துத் துடைக்க வேண்டும், அப்புறம்தான் ஹைப்போ என்ற கிருமிநாசினி. நேற்றுப் பார்த்தேன், எட்டுப் பெட்டுக்கும் ஒரே பக்கெட் தண்ணீர். முதல் பெட்டில் நனைத்த துணிதான் எட்டாம் பெட் வரை போனது. ஆயாம்மாவைக் குறை சொல்லவில்லை, கொடுத்ததே ஒரு பக்கெட்தான்.

பாசிட்டிவ் நாலு பேரையும் ஒரு பக்கம் சேர்த்து, அவர்களுக்கென்று தனி சிஸ்டர் கேட்டேன். "ஆளுக்கு எங்கம்மா போறது?" என்றார்கள். ராத்திரியில் எட்டுப் பேருக்கு இரண்டு பேர் என்று வைத்துவிட்டு, கை கழுவச் சொல்லி சுவரில் போஸ்டர் ஒட்டுவது என்ன நியாயமோ. கடைசியில் வார்டிலிருந்து ஒரு சிஸ்டரைக் கொடுத்தார்கள்.

ஜூலை 28, திங்கள்

ராத்திரி ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை ஸ்டூல் போட்டு மூலையில் உட்கார்ந்தேன், நோட்டோடு. ஒரு சிஸ்டர் கைக்கு ஸ்டெரிலியம் என்ற ஆல்கஹால் திரவம் போட வேண்டிய தருணங்கள் அறுபதைத் தாண்டின. போட்டது பாதிகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் முறையாகத் தேய்க்க இருபதிலிருந்து முப்பது நொடி. அந்த நேரத்தில் எங்கே அலாரம் அடித்தாலும் இவள்தான் ஓட வேண்டும்.

நோட்டில் எழுத நினைக்காத ஒன்றும் கண்ணில் பட்டது. நாலாம் பெட்டுக்குப் பக்கத்து சிங்க். உடம்பு துடைத்த பேசின் தண்ணீரை அதில் கொட்டினார்கள். மிச்சம் குளுக்கோஸ் அதில் போனது. டீ மிச்சமும் அதில்தான். அப்புறம் குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராக வடிகால் ஓட்டையில் விழுந்து தெறிக்கிறது. அந்தத் தெறிப்பு ஒரு மீட்டர் வரை போகும். ஒரு முழம் தள்ளி ஊசி மருந்து கலக்கும் மேடை.

அந்த மேடையை அங்கே போடச் சொன்னது நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், "நடை மிச்சம்" என்று. தூக்கம் வரவில்லை.

ஜூலை 30, புதன்

பிளம்பர் வந்து சிங்க்கின் அடி வளைவைக் கழற்றினார். அடியில் பிடித்த தட்டில் கறுப்பும் பழுப்புமாக ஒரு கொழகொழப்பு. முடி, பஞ்சு, பிளாஸ்திரித் துணுக்கு, ஒரு ஊசி மூடி. நடுவில் டீ வாசனை வேறு. ஸ்வாப் எடுத்துக்கொண்டேன். "இதுக்கு ஆசிட் ஊத்தினாப் போவுமுங்க அம்மிணி" என்றார். மேலே இருப்பது போகும். குழாய்ச் சுவரில் ஒட்டின வழவழப்பு மறுபடி ஏறி வரும். மேடையை இன்றே நகர்த்தினோம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சிங்க் ஸ்வாப்பிலும் அதே க்ளெப்சியெல்லா, அதே ஆர் வரிசை. சிங்க் ஆளுக்குக் கொடுத்ததா, ஆள் சிங்க்குக்குக் கொடுத்ததா? மரபணு வரிசை பார்த்தால் ஒருவேளை சொல்லலாம். இங்கே அந்த வசதி இல்லை. சிங்க்கை எடுத்துவிட்டு, கை கழுவ வாசல் பக்கம் ஒன்று மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். பேசின் தண்ணீர் இனி பெட்பேன் கழுவும் அறைக்கு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. பவானி கூடுதுறையில் முழுகிவிட்டு ஈரத்தலையோடு ஒரம்பரை கூட்டம். சாத்துக்குடிப் பையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் காலத்துக்கும் பேச்சாகிவிடும். பெட்டுக்கு ஒருவர் என்று நின்றேன், நாலு திட்டு வாங்கினேன்.

அஞ்சாம் பெட்டுக்காரரின் அம்மாயி பண்ணாரிப் புற்றுமண் கொண்டு வந்திருந்தார். "ஏங்கண்ணு, இத்துனூண்டு நெத்தியில வெச்சா என்ன ஆயிரும்?" கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும் சென்ட்ரல் லைன் இருக்கிறது, மண் படக்கூடாது என்று சொல்லி, பொட்டலத்தைப் புது ஜிப் கவரில் போட்டுத் தலைமாட்டு ஸ்டாண்டில் தொங்கவிட்டேன். ஒத்துக்கொண்டார். ஸ்டெரிலியம் ஊற்றினேன். கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று நிதானமாகத் தேய்த்தார். இந்த இரண்டு வாரத்தில் மணிக்கட்டு வரை தேய்த்த முதல் ஆள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அஞ்சாம் பெட் விடியற்காலை போய்விட்டார். கோலிஸ்டின் ஆரம்பித்த நாலாம் நாளிலிருந்தே ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருந்தது, சிறுநீரகம் திணறுகிறது என்று அர்த்தம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டின மருந்து, வேறு வழியில்லாமல் திரும்பி வந்தது. நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தம்பி சொல்வான், முன்பெல்லாம் அதைத் தீவனத்தில் கலந்தே கொடுத்தோம் என்று. கோழி சீக்கிரம் எடை போட. 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை போட்டது. கோழிக்கு வாரிக் கொடுத்ததை இவருக்கு மில்லிகிராம் கணக்குப் பார்த்து ஏற்றினோம்.

புற்றுமண் கவரை அம்மாயியிடம் கொடுத்தேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டாம் வாரமாக ஸ்வாப்பில் புதிதாக யாரும் இல்லை. மூணாம் பெட் பையன் வீட்டுக்குப் போகிறான். டிஸ்சார்ஜ் சம்மரியில் கிருமியின் பெயரைப் பெரிய எழுத்தில் போட வைத்தேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டச் சொல்லி அவன் அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மத்தியானம் பிளம்பர் சிங்க்கைக் கழற்றி வாசலில் வைத்திருந்தார். நன்றாகக் கழுவி, வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது.

"அம்மிணி, நல்லாத்தானுங்க இருக்குது, ஊட்டுக்கு எடுத்துக்கட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் உடைத்து முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.