அவன் நிப்பானோ?

மாமாவின் வீட்டுப் பேஸ்மன்றில் நான் குடிவந்த கிழமை, மேல்வீடு செத்தவீடு மாதிரிக் கிடந்தது. 2018 வைகாசி. யாருக்கோ சுகமில்லையாக்கும் என்று நினைத்து, சத்தம் கேட்காமல் படியேறிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கிவிடுவேன். மூன்றாம் நாள்தான் மாமி சொன்னா, ரொறன்ரோவின் கூடைப்பந்து அணி ராப்டர்ஸ், கிளீவ்லாந்திடம் நாலுக்குப் பூச்சியமாகத் தோற்றுவிட்டார்களாம். அதுவும் மூன்று வருசமாக ஒரே ஆளின் கையால், லெப்ரோன் ஜேம்ஸ். ரொறன்ரோவை 'லெப்ரொன்ரோ' என்று பகிடி பண்ணுகிறார்களாம்.

மாமாவின் மகனுக்கு அப்போது பதினாலு வயது. முறைக்கு எனக்கு மச்சான். தமிழ் விளங்கும், வாயில் வராது. அவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரே பாசை கூடைப்பந்து. அதிலும் அவன் பேசுவான், நான் தலையாட்டுவேன். எங்கள் ஊரில் மார்ச் மாதம் வடக்கின் பெரும் போர் வந்தால் பழைய மாணவர்கள் கொட்டகைக்குள் சண்டை பிடிப்பார்களே, அந்தக் கிரிக்கெற் சண்டை தெரிந்தவன் நான். பாஸ்கற்போல் எனக்குப் பெடியள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு விளையாடுகிற சங்கதி. வருசத்துக்கு எண்பத்திரண்டு மட்ச் என்று அவன் சொன்னபோது, பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

ஆடி மாதம் 18ஆம் திகதி அவன் மேலே அழுகிற சத்தம் கீழே கேட்டது. டிமார் டிரோஸனைக் கொடுத்துவிட்டு, சான் அன்ரோனியோவிலிருந்து கவாய் லெனர்ட்டை எடுத்துவிட்டார்கள். ஒன்பது வருசம் இந்த ஊரில் ஆடின ஆள் டிரோஸன். ராப்டர்ஸுக்கு அவனளவு புள்ளி எடுத்தவன் ஒருவனும் இல்லை. அந்த வருசம்தான் தன் மனச்சோர்வைப் பற்றி வெளியில் வாய்திறந்து பேசியிருந்தான். வந்தவனோ கால் தசை நோவென்று முந்தின வருசம் ஒன்பதே மட்ச் ஆடினவன். ஒப்பந்தமும் ஒரு வருசத்துக்குத்தான் மிச்சம். மச்சான் டிரோஸனின் பத்தாம் இலக்கச் சேட்டைக் கழற்றவே மாட்டேன் என்று நின்றான். மாமி இரவில் களவாகத் தோய்த்துக் காயப்போட்டா.

புரட்டாதியில் எனக்கு வேலை பேமிற் வந்தது. ஏஜென்சி ஒன்று ஸ்காபரோவில் ஒரு பொதிபண்ணும் பக்டறிக்கு அனுப்பியது. பின்னேரம் மூன்று தொடக்கம் இரவு பதினொன்று. லைனில் என் இடப்பக்கம் வடமராட்சி அண்ணை ஒருவர், இருபது வருசத்துக்கு மேல் அங்கே நிற்கிறவர். எதிரில் பிலிப்பைன்ஸ் அன்ரி. பெட்டி ஏற்றும் இடத்தில் ஜமேய்க்காக்காரர் ஒருவர். முதல் மூன்று கிழமை நான் பெரிதாக வாயே திறக்கவில்லை. ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அவர்களின் ஆங்கிலம் பிடிபடவில்லை, என்னுடையது அவர்களுக்குப் பிடிபடவில்லை. அண்ணை மட்டும் ஒரு நாள் கேட்டார்.

"தம்பி, அகதிக் கேஸ் என்ன மாதிரி?"

"டேற் இன்னும் வரேல்லை அண்ணை."

"ம்."

அதற்கு மேல் கேட்கவில்லை. நிற்பானோ, அனுப்பிவிடுவார்களோ என்று தெரியாத பெடியனோடு எவ்வளவு தூரம் பழகலாம் என்று அவர் கணக்குப் பார்த்திருக்கலாம். நான் அவரைக் குறை சொல்லவில்லை. எத்தனை பேரை அந்த லைனில் பார்த்திருப்பார்.

ஐப்பசி 17ஆம் திகதி முதல் மட்ச். லைனின் கடைசியில் ஒரு சின்ன ரேடியோ. மேற்பார்வையாளருக்கு அன்றைக்குக் காது கேட்காது என்று எல்லோருக்கும் தெரியும். எதிரி அதே கிளீவ்லாந்து. ஆனால் லெப்ரோன் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டான். அன்ரிக்கு அன்று இருதலைக்கொள்ளி. கிளீவ்லாந்தில் ஆடும் ஜோர்டன் கிளார்க்ஸன் தாய்வழியில் பிலிப்பைன்ஸ் இரத்தம், அந்த ஆவணியில்தான் ஆசிய விளையாட்டில் அவர்களின் நாட்டுக்கு ஆடிவிட்டு வந்திருந்தான். அவன் பந்தைப் போட்டாலும் கைதட்டினா, ராப்டர்ஸ் போட்டாலும் கைதட்டினா. அந்தப் பக்டறியிலேயே விளையாட்டு விளங்கின ஒரே ஆள் அவதான் என்று நான் பிறகு கண்டுகொண்டேன். மணிலாவில் தெருவுக்குத் தெரு கூடை தொங்குமாம். ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமே அங்கேதான், 1975இல் தொடங்கினது. அண்ணைக்கும் ஜமேய்க்காக்காரருக்கும் அபிப்பிராயம் இருந்தது. அன்ரிக்கு அறிவு இருந்தது.

116–104. லெனர்ட் 24 புள்ளி, 12 ரீபவுண்ட், அதாவது கூடை தவறித் திரும்பின பந்தைப் பிடித்தது. இரண்டு நாள் கழித்து பொஸ்ரனையும் அடித்தார்கள், அவன் 31. கிழக்குப் பிரிவை அந்த வருசம் பொஸ்ரன் தூக்கும் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜமேய்க்காக்காரர் அன்றிரவே வைகாசி, ஆனி வரைக்கும் திட்டம் போட்டுவிட்டார். அண்ணை அசையவில்லை.

"ஐப்பசி மாசத்துக் கெட்டித்தனத்தை ஆர் கேட்டது? மழைக்கு முதல் தவளை கத்திற மாதிரி. உவன் நிக்கமாட்டான். முகத்தைப் பாத்தியே? சிரிக்கிறானே?"

சிரிக்காதது உண்மை. முதல் ஊடகச் சந்திப்பில் ஒரு தரம் சிரித்தான், அதுவும் இயந்திரம் இருமின மாதிரி. அந்தச் சிரிப்பை ஆளாளுக்குப் போனில் போட்டுக் காட்டி நகரமே சிரித்தது. பேசவும் மாட்டான். நானும் லைனில் பேசாமல், சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தவன்தான். அதனாலோ என்னவோ எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை.

மறுநாள்தான் உண்மையான சண்டை தொடங்கியது. பொஸ்ரன் மட்சுக்கு அடுத்த இரவு வாஷிங்ரனில் மட்ச். லெனர்ட் ஆடவில்லை. நோவில்லை, காயமில்லை. ஓய்வு. அடுத்தடுத்த இரவுகளில் மட்ச் வந்தால் ஒன்றில்தான் ஆடுவானாம், அதற்கு 'லோட் மனேஜ்மன்ற்' என்று ஒரு பெயர். அவன் இல்லாமலே ராப்டர்ஸ் வென்றுவிட்டார்கள் என்பது வேறு கதை. ஜமேய்க்காக்காரருக்குத் தாங்கவில்லை. அவனுக்கு வருசச் சம்பளம் 23 மில்லியன் டொலர், தனக்கு ஒரு நாள் சுகமில்லை என்று போன் பண்ணினால் அந்த நாள் காசு இல்லை, இது என்ன நீதி என்று பெட்டியைத் தூக்கித் தட்டில் அடித்து வைத்தார். லைனில் பாதிப் பேர் அவர் பக்கம்.

அண்ணைதான் எதிர்பாராத விதமாக லெனர்ட் பக்கம் நின்றார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

"இருவது வருசம் சீமெந்து நிலத்தில. ஒரு நாள் லீவு எடுக்கேல்லை. சனிக்கிழமை ஓவர்ரைம் எண்டா முதல் கை என்ரை. இப்ப படி இறங்கேக்க கம்பியைப் பிடிக்கிறன். அவனுக்கு மூளை இருக்கு, தம்பி. எங்களுக்கு ஆர் சொன்னது?"

சொல்லிவிட்டு, "ஆனா நிக்கமாட்டான்" என்று சேர்த்தார். அந்த ஒன்றை மட்டும் விடமாட்டார்.

என் முதல் அபிப்பிராயம் படுதோல்வி. ஒரு இடைவேளையில், ஏழாம் இலக்கம் கைல் லவுரியை ஏன் வைத்திருக்கிறார்கள், கட்டையாய் இருக்கிறான், வயதும் போய்விட்டது, தொட்டால் விழுகிறான் என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து வந்த முதல் நீளமான ஆங்கில வசனம் அதுதான் என்று நினைக்கிறேன். அன்ரி சோற்றுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்றா. என்னை மேசைக்கு நேரே ஓடிவரச் சொன்னா. ஓடினேன். நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றா, மோதாமல் நிற்க நான் பட்ட பாடு! அதுதான் விசயம். எதிரி ஓடிவரும் வழியில் முதலே போய் ஊன்றி நின்று, அடியை வாங்கினால், பிழை எதிரியுடையது, பந்து எங்களுக்கு. லவுரி விழவில்லை, விழுந்து பந்து வாங்குகிறான். அதற்குப் பிறகு நான் அவனைத்தான் அதிகம் பார்த்தேன். டிரோஸன் அவனுடைய உயிர்த் தோழன். தோழனை அனுப்பின கையோடு வந்தவனுக்குப் பந்து கொடுக்க வேண்டிய நிலை. கோபத்தோடு ஆடுகிறானோ என்று ரேடியோவில் அலசினார்கள். கோபமோ என்னவோ, பந்து கொடுத்தான்.

பயிற்சியாளரைப் பற்றியும் பெரிய கதை. போன வருசம் 59 மட்ச் வென்றுகொடுத்த டுவேன் கேசியைத் தூக்கிவிட்டார்கள், தூக்கின அடுத்த மாதம் அந்த ஆளுக்கே ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது! அந்த இடத்துக்கு வந்த நிக் நேர்ஸ் ஒருகாலம் இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம், பிறைற்றன் என்று திரிந்தவர். "லண்டனில பாஸ்கற்போல் இருக்கோ?" என்று அண்ணை கேட்டார். அவரின் தமையன் முப்பது வருசமாக லண்டனில்தான். ஒரு நாளும் சொன்னதில்லையாம்.

முதல் ஆறு மட்சும் வெற்றி. பதின்மூன்றில் பன்னிரண்டு. லெப்ரோன் போன இடத்தில் முதல் மூன்றும் தோல்வி. லெப்ரோன் விட்டுப்போன இடத்தில் முதல் ஆறும் தோல்வி, பயிற்சியாளருக்கும் வேலை போய்விட்டது. லெப்ரோனின் புது அணி லேக்கர்ஸுடன் ஆடினபோது எங்கள் சேர்ஜ் இபாக்கா எறிந்த முதல் பதினாலும் கூடைக்குள் போனது, அந்த இரவு 34 புள்ளி. அவனை விற்றுவிடவேணும் என்று வைகாசியில் கத்தின மாமா, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். மாமி என்னைப் பார்த்துக் கண்ணடித்தா.

எனக்கு என்று ஒரு ஆள் கிடைத்ததும் அந்த நாட்களில்தான். 43ஆம் இலக்கம், பஸ்கால் சியாக்கம். கமரூன் பெடியன். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினவன் மாதிரி நிற்காமல் ஓடுவான். ஓடிவந்து சுழன்று திரும்பினால், பிடிக்க வந்தவன் வேறு திசையில் நிற்பான். தகப்பன் அவனைப் பதினொரு வயதில் குருமடத்தில் விட்டாராம், பந்தைக் கையில் எடுத்ததே பதினாறு, பதினேழு வயதில்தானாம். அன்ரிதான் இதெல்லாம் சொன்னா. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது தகப்பன் கார் விபத்தில் செத்துவிட்டார். ஊருக்குப் போனால் விசாச் சிக்கலில் திரும்பி வரமுடியாமல் போகும் என்ற பயத்தில் அவன் செத்தவீட்டுக்கே போகவில்லை.

நான் வந்து மூன்றாம் மாதம் அம்மம்மா போனா. வட்ஸப்பில்தான் பார்த்தேன். இதை நான் அன்ரிக்குச் சொல்லவில்லை. சியாக்கம்தான் இந்த ரீமில் நாளைக்குப் பெரிய ஆள் என்று மட்டும் சொன்னேன். ஜமேய்க்காக்காரர் சிரித்தார். அண்ணை, "ஓடத் தெரியும், எறியத் தெரியாது" என்றார். மச்சான் மேலிருந்து படிக்கட்டில் நின்று ஆங்கிலத்தில் சொன்னது இன்னும் மோசம், இங்கே எழுத முடியாது. நான் விடவில்லை. ஊரில் ஒரு விசயத்திலும் இப்படிப் பிடிவாதம் பிடித்ததில்லை.

கார்த்திகை நடுவில் முதல் ஸ்நோ. அதே நேரத்தில் மூன்று தோல்வி தொடர்ந்து. நடுத் தோல்வி கேசியின் டிற்றோயிற்றிடம், சொந்த மண்ணில், கடைசி விநாடிக் கூடையால், 106–104. பழைய பயிற்சியாளர் வந்து நின்றதும் அரங்கம் முழுக்க எழுந்து கைதட்டியதாம், பிறகு அவரே வென்றுகொண்டு போய்விட்டார். மறுநாள் பக்டறியில் எல்லா அபிப்பிராயமும் தலைகீழ். நேர்ஸ் ஒன்றுக்கும் உதவாது. டிரோஸன் இருந்தால் இப்படி நடக்குமா? நான் புதுச் சப்பாத்துக்குள் ஈரக் காலுறையோடு நின்று, முதல் தரம் முழு லைனையும் எதிர்த்து வாதாடினேன். ஜமேய்க்காக்காரர் என் பெயரை அன்றைக்குத்தான் கேட்டார். இரண்டு மாதம் பக்கத்தில் வேலை செய்திருக்கிறோம்.

மாதக் கடைசியில் கோல்டன் ஸ்ரேற் வந்தார்கள், நடப்புச் சம்பியன்கள். மேலதிக நேரம் வரை போனது. அவர்களின் கெவின் டுரன்ற் தனியாளாக 51. லெனர்ட் 37. என் சியாக்கம் 26, அதுவரைக்கும் அவன் எடுத்ததில் ஆகக் கூட! 131–128 என்று ரேடியோ சொன்னதும் லைனே நின்றது. மேற்பார்வையாளருக்குத் திடீரென்று காது கேட்கத் தொடங்கியது, பிறகு அவரும் கைதட்டினார். அவர்களின் பெரிய ஆட்டக்காரன் ஸ்ரெபன் கறி அன்று காயத்தால் ஆடவில்லை. அண்ணைக்கு அது போதும்.

"கறி இல்லை. வெறுஞ்சோத்தை வெண்டுபோட்டுத் துள்ளாதையுங்கோ."

இந்தப் பகிடியை அன்ரிக்கு மொழிபெயர்க்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அன்றிரவு பஸ் தரிப்பில் அண்ணை பந்தயம் கட்டினார். வாற ஆடியில் லெனர்ட் லொஸ் ஏஞ்சலிஸ் போவான், அவன் பிறந்து வளர்ந்த பக்கம் அது. நான் நிற்பான் என்றேன். காரணம் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. பந்தயம் ஒரு மீடியம் டபுள் டபுள் கோப்பி.

மிச்சம் எல்லோருக்கும் தெரியும். பிலடெல்பியா மட்சில் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் குதித்து உள்ளே விழுந்தது, 2019 ஆனி 13இல் கிண்ணம், நாலு நாள் கழித்து ஊர்வலம். டவுன்டவுனில் நானும் மச்சானும் நசிபட்டு நின்றோம். அவன் சேட்டில் இன்னும் பத்தாம் இலக்கம்தான். அந்த மாதமே சியாக்கத்துக்கு ஆகக் கூட முன்னேறின ஆட்டக்காரன் விருது. பக்டறியில் ஒருவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆடி 6, சனிக்கிழமை விடியப்புறம் இரண்டு மணி இருக்கும். போன் அதிர்ந்தது. அந்த நேரத்தில் போன் வந்தால் ஊர்ச் செய்தி என்றுதான் நெஞ்சு அடிக்கும். அண்ணை.

"வெளிக்கிட்டான். லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ். திங்கக்கிழமை கோப்பி."

திங்கள் இரண்டே முக்காலுக்குக் கோப்பியோடு போனேன். ஒரு முறடு குடித்துவிட்டு, மூடியைத் திரும்ப அமத்தினார்.

"டேற் வந்திட்டுதோ?"

"இல்லை அண்ணை."

"வரும்." கையுறையைப் போட்டுக்கொண்டார். "உன்ரை கமரூன்காரன் இனி தனியச் சுமப்பானோ?"

"முதல் பத்து மட்ச் போகட்டும் அண்ணை, சொல்லுறன்."

"பத்து காணாது," என்றார். பெல் அடித்தது.